பரணில் ஏறிய மூட்டைகள்

நம் பக்கத்து ஓட்டு வீடுகளில் பரண் கட்டியது விதைக்காக. அடுப்படிப் புகை போய்ச் சேரும் இடமாகப் பார்த்து, மூங்கிலோ பனஞ்சட்டமோ குறுக்கே போட்டுக் கட்டுவார்கள். வைக்கோல் பிரி சுற்றிய விதைக்கோட்டை, சாம்பல் கலந்த உளுந்துப் பானை, சுரைக்குடுக்கை எல்லாம் அங்கேதான் இருக்கும். புகை ஏறியதால் வண்டும் அந்துப்பூச்சியும் அண்டாது. வருடத்துக்கு ஒரு முறை விதை இறங்கும், ஒரு முறை விதை ஏறும். வேறு எதற்கும் அதில் இடம் கிடையாது.

இன்று நம் வீடுகளில் பரணைப் பார்த்தால் என்ன தெரிகிறது? காங்கிரீட் வீடாக மாறிய பிறகு பரணுக்கு 'லாஃப்ட்' என்று பெயர் மாறியிருக்கிறது. உள்ளே ஓடாத டேப்ரிக்கார்டர், படம் வராத டிவி, மூடி உடைந்த மிக்ஸி, சார்ஜ் நிற்காத எமர்ஜென்சி லைட், நான்கைந்து பழைய செல்போன், எந்தப் பொருளுக்கு உரியது என்று யாருக்கும் தெரியாத சார்ஜர் ஒரு பை நிறைய. போகிக்குப் போகி இறக்கித் துடைத்து, மறுபடியும் ஏற்றிவிடுகிறோம். எரிக்க மனம் வராது. எடைக்குப் போடவும் மனம் வராது.

எங்கள் வீடு மன்னார்குடிக்குப் பக்கம். ஐந்து ஏக்கர் நெல், கொஞ்சம் உளுந்து. இந்த வருடம் பரண் விஷயத்தில் வீட்டில் ஒரு பிரச்னையே வந்துவிட்டது. வேளாண்மை டிப்ளமோ முடித்த என் மகள் பாரம்பரிய நெல் விதை சேர்க்க ஆரம்பித்திருக்கிறாள். பத்து ரகம் சேர்ந்துவிட்டது. ஒன்றோடு ஒன்று கலக்காமல், எலிக்கு எட்டாமல் வைக்க இடம் வேண்டும். ''அப்பா, பரணைக் காலி பண்ணிக் குடுங்க. இல்லைன்னா விதையை நான் வேற வீட்லதான் கொண்டு போய் வைக்கணும்'' என்று சொல்லிவிட்டாள்.

என் அம்மாவுக்கு 84 வயது. ''ஒண்ணையும் எடுக்கக் கூடாது. ஒவ்வொண்ணும் நெல்லு வித்து வாங்குனது'' என்றார்.

அம்மா சொன்னதில் ஒரு வழி இருந்தது. அப்பா காலமாகிப் பல வருடம் ஆகிறது. அவர் எழுதிய வரவு செலவு நோட்டுகள் இன்னும் இருக்கின்றன. எந்தப் பொருள் வாங்கினாலும் ரூபாயோடு, அன்றைக்கு அது எத்தனை மூட்டை நெல்லுக்குச் சமம் என்றும் எழுதி வைப்பார். அதே வழக்கத்தை நானும் தொடர்கிறேன். நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாக இறக்கினோம். அந்தக் கணக்கைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். மூட்டை என்றால் 60 கிலோ. விலை, அந்தந்த வருடம் மத்திய அரசு சாதாரண ரகத்துக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை.

ஏழு மூட்டை டிரான்சிஸ்டர்

1972-ல் அப்பா வாங்கியது. நோட்டில் 'ரேடியோ, 7 மூட்டை' என்று இருக்கிறது. கூடவே ஒரு சின்னப் புத்தகமும் கிடைத்தது. ரேடியோ லைசென்ஸ். அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க வருடா வருடம் தபால் நிலையத்தில் பணம் கட்டி, ஸ்டாம்ப் ஒட்டி வாங்க வேண்டும். என் மகளுக்கு இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறாள்.

ரேடியோ வாங்கியது பாட்டுக்காக மட்டும் என்று நினைக்கக் கூடாது. 1960-களில் தஞ்சாவூர் மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் நடந்தபோது, ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி.27 என்ற குறுவை ரகம் வந்தது. சுமார் 105 நாள் பயிர். அதை எப்படி விதைப்பது, எப்போது உரம் வைப்பது, பூச்சிக்கு என்ன செய்வது என்றெல்லாம் திருச்சி வானொலி தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருந்தது. டீக்கடையிலும் பஞ்சாயத்து ரேடியோவிலும் கேட்டுவிட்டு, வேளாண்மை டிப்போவுக்குப் போய் 'ரேடியோ நெல் குடுங்க' என்று கேட்டு வாங்கினார்கள். அந்தப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அப்பாவும் டீக்கடை வாசலில் நின்று கேட்டவர்தான். சாயங்காலம் வயலிலிருந்து வந்து டீக்கடைக்கு ஓடினால் பாதி நிகழ்ச்சி போய்விடுகிறது என்றுதான் சொந்தமாக ஒன்று வாங்கினார்.

செல் தீர்ந்தால் புது செல் வாங்கக் காசிருக்காது. பழையதை வெயிலில் காய வைத்துப் போட்டால் இன்னும் இரண்டு நாள் ஓடும். எங்கள் வீட்டு முற்றத்தில் வடகத்துக்குப் பக்கத்தில் செல் காய்ந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

1977 நவம்பர் 12-ல் நாகப்பட்டினத்தைப் புயல் தாக்கியபோது எச்சரிக்கை கேட்டது இந்த ரேடியோவில். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்தபோதும் இதே ரேடியோதான். கஜாவில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. செல்போன் கோபுரம் அடங்கிப்போனது. கையில் விலை உயர்ந்த போன் இருந்தும் பக்கத்து ஊரில் என்ன நிலைமை என்று தெரியாது. அப்போது அம்மாதான், ''அந்த ரேடியோவ எறக்குங்கடா'' என்றார். நான்கு செல் போட்டதும் கரகரப்போடு திருச்சி பேசியது. கரண்ட் வர எங்கள் ஊருக்கு 19 நாள் ஆனது. அத்தனை நாளும் தெருவே எங்கள் திண்ணையில் உட்கார்ந்து செய்தி கேட்டது.

50 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஸ்பீக்கர் ஒரு முறை, பேண்ட் சுவிட்ச் ஒரு முறை மாற்றியிருக்கிறோம். செல் செலவும் லைசென்ஸ் பணமும் தனி. பொருளின் விலையை மட்டும் எடுத்தால், ஏழு மூட்டையை 50 வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 8 கிலோ நெல்தான் வருகிறது.

முப்பத்திரண்டு மூட்டை டிவி

1988 பொங்கலுக்கு வாங்கிய கறுப்பு வெள்ளை டிவி. முன்னால் இழுத்து மூடும் கதவு வைத்த மரப்பெட்டி. விலை 2,900 ரூபாய். அப்போது குவிண்டால் 150 ரூபாய், மூட்டை 90 ரூபாய். 32 மூட்டை ஆகிறது. ஒரு ஏக்கர் சம்பா முழுக்க அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது என்று அப்பா எழுதியிருக்கிறார்.

மாடியில் இரண்டு ஆன்டெனா. ஒன்று கொடைக்கானல் கோபுரத்தைப் பார்த்து இருக்கும். இன்னொன்று இலங்கை ரூபவாகினிக்காகத் தென்கிழக்கே பார்த்து இருக்கும். காற்றடித்தால் ஒருவர் மேலே ஏறித் திருப்ப, ஒருவர் கீழேயிருந்து 'வருது, வருது, போச்சு' என்று கத்த வேண்டும். 'வயலும் வாழ்வும்' பார்க்க அப்பா உட்காருவார். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே உட்காரும்.

18 வருடம் ஓடியது. வருடத்துக்கு இரண்டு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவி வந்ததும் இது பரணில் ஏறியது. பிறகு அந்தக் கலர் டிவியும் பக்கத்திலேயே ஏறிக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டு பெட்டியையும் இறக்கிக் கரண்ட் கொடுத்துப் பார்த்தோம். கலர் டிவி எரிந்தது. புள்ளி புள்ளியாய் இரைச்சல் வந்தது. அதாவது பெட்டி கெடவில்லை. ஆன்டெனாவில் பிடிக்கும்படி தூர்தர்ஷன் நடத்திவந்த பழைய ஒளிபரப்பு நிலையங்களை 2022-க்குள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் நிறுத்திவிட்டார்கள். கிணறு நன்றாக இருக்கிறது, ஊற்று நின்றுவிட்டது என்பது மாதிரி. பொருள் இரண்டு விதமாகப் பழசாகிறது. தானே கெட்டுப்போவது ஒன்று. எதிர்முனை நின்றுபோவது இன்னொன்று. முதலாவதற்கு மெக்கானிக் இருக்கிறார். இரண்டாவதற்கு மருந்தே கிடையாது. ரேடியோவுக்கு எதிர்முனை இன்னும் பேசிக்கொண்டிருப்பதால்தான் அது இன்னும் ரேடியோ.

பாட்டி பேசும் கேசட்

சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த 'டூ இன் ஒன்' டேப்ரிக்கார்டர். வாங்கியது அவர் சம்பளத்தில் என்பதால் மூட்டைக் கணக்கில் வராது. கல்யாண வீட்டில் மைக்செட் வராத குறையை இதுதான் தீர்த்தது. கூடவே ஒரு பிஸ்கட் டின் நிறைய கேசட். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றிய ஞாபகம் உங்களுக்கும் இருக்கும்.

அந்த டின்னில், லேபிளில் 'ஆத்தா' என்று மட்டும் எழுதிய 60 நிமிட கேசட் ஒன்று கிடைத்தது. அம்மா அதைக் கையில் வாங்கியதும் பேச்சு நின்றுவிட்டது. அம்மாவைப் பெற்ற பாட்டி பேசியதை, சித்தப்பா ஊருக்கு வந்திருந்தபோது பதிவு செய்தது. பாட்டி போய் 35 வருடம் ஆகிறது. வீட்டில் அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது.

டேப்ரிக்கார்டரில் போட்டால் சக்கரம் சுற்றவில்லை. உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கிடந்தது. மன்னார்குடியில் இன்னும் இந்த வேலை பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். பெல்ட் மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் கொடுத்தார். 350 ரூபாய் ஆனது. ''மொதல்ல வேற கேசட்டைப் போட்டுப் பாருங்க. நாடாவ கடிக்காம ஓடுதான்னு தெரிஞ்ச பொறகு இதப் போடுங்க'' என்று சொன்னார். அது மிக நல்ல யோசனை. பழைய நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை இருந்தால் அவசரப்பட்டு ஓட்டக் கூடாது, ஹெட்டில் ஒட்டிக்கொண்டு நாடா அறுந்துவிடும் என்றும் சொன்னார்.

ராத்திரி கதவைச் சாத்திவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டுப் போட்டோம். முதல் பத்து நிமிடம் பேரப்பிள்ளைகளை விசாரித்தார். அடுத்துச் சித்தப்பா ஏதோ கேட்க, பாட்டி தன் அப்பா காலத்தில் எந்தக் கொல்லையில் எந்த நெல் போட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் காட்டுயானம். வாய்க்கால் ஓரத்தில் கருங்குறுவை. வேதாரண்யம் பக்கம் வாழ்க்கைப்பட்ட அக்கா வீட்டில் உப்புத் தரையில் குடவாழை. எந்த நெல்லுக் கஞ்சி பிள்ளை பெற்றவளுக்கு, எந்த அரிசி இட்லிக்கு, எந்த வைக்கோல் கூரைக்கு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார்.

என் மகள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். ''அப்பாயி, அவங்க சொல்ற பள்ளக்கொல்லை எது?'' என்று கேட்டாள். அம்மா இடம் சொன்னார். இன்று அதில் மழைக்காலத்தில் எதைப் போட்டாலும் அழுகுகிறது என்று நான் இரண்டு வருடமாகத் தரிசு போட்டிருக்கும் துண்டு அது. காட்டுயானம் ஆள் உயரத்துக்கு மேல் வளரும், தண்ணீர் தாங்கும் ரகம். மகள் சேர்த்திருக்கும் பத்து ரகத்தில் அதுவும் இருக்கிறது. இந்தச் சம்பாவில் அங்கே போட்டுப் பார்ப்பதாக முடிவு செய்தோம்.

இந்த கேசட் இன்னும் நான்கைந்து கோடை ஓட்டுக்கு அடியில் கிடந்திருந்தால் கேட்டிருக்க முடியுமா என்பது சந்தேகம். நாடாவுக்குச் சூடும் ஈரமும் ஆகாது. உங்கள் வீட்டிலும் குரல் பதிந்த கேசட் இருந்தால் பொங்கல் கழியட்டும், ஆடி போகட்டும் என்று தள்ளாதீர்கள். சத்தமில்லாத அறையில் ஓடவிட்டுச் செல்போனில் பதிவு செய்தாலே போதும். கொஞ்சம் தெளிவாக வேண்டும் என்றால் இயர்போன் துளையிலிருந்து ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம். ஏற்றியதை ஒரே போனில் வைக்காமல், சொந்தக்காரர்கள் இரண்டு பேருக்காவது அனுப்பி வையுங்கள். போனும் ஒரு நாள் பரண் ஏறும்.

பத்து மூட்டை போன், இருபத்தொரு மூட்டை இன்வெர்ட்டர்

2004-ல் நான் வாங்கியது நோக்கியா 1100. தலையில் டார்ச் லைட் வைத்த போன். ராத்திரி மூணு மணிக்கு மூன்று முனை மின்சாரம் வந்தால் மோட்டார் கொட்டகைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய வரம். வரப்பில் பாம்பு தெரியும். விலை 3,400 ரூபாய். அன்று மூட்டை 336 ரூபாய். பத்து மூட்டை. 11 வருடம் உழைத்தது. வருடத்துக்கு ஒரு மூட்டைகூட இல்லை.

2012-ல் மின்வெட்டு தலைவிரித்தாடியது. எங்கள் ஊரில் ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. மகள் பத்தாம் வகுப்புக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இன்வெர்ட்டரும் பேட்டரியும் சேர்த்து 16,000 ரூபாய்க்கு வாங்கினோம். மூட்டை 750 ரூபாய். 21 மூட்டை. நான்கு வருடத்தில் பேட்டரி செத்தது. அதற்குள் மின்வெட்டும் குறைந்துவிட்டதால் மாற்றவில்லை. வருடத்துக்கு ஐந்து மூட்டை. பரணிலேயே விலை கூடிய பொருள் இதுதான். ஆனால், அந்த வெளிச்சத்தில்தான் மகள் படித்தாள். அந்த ஐந்து மூட்டையை வீண் என்று அம்மாகூடச் சொல்லவில்லை.

இப்போது நான் வைத்திருக்கும் போன் 2024-ல் 12,500 ரூபாய்க்கு வாங்கியது. மூட்டை 1,380 ரூபாய் வீதம் ஒன்பது மூட்டை. பழைய நோக்கியாவைவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால், இது மூன்று வருடம் ஓடினால் வருடத்துக்கு மூன்று மூட்டை. வீட்டில் மூன்று பேரிடம் போன் இருக்கிறது. ஒன்பது மூட்டை. இது விற்ற நெல், லாபம் இல்லை. செலவு போக மூன்று மூட்டையில் ஒரு மூட்டைதான் கையில் நிற்கிறது என்றால், இந்தக் கணக்கை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கதவு வைத்த டிவிக்கு 50,000 ரூபாய்!

சில வருடங்களுக்கு முன் ஒரு புரளி கிளம்பியது. பழைய ரேடியோவிலும், கதவு வைத்த டிவியிலும் 'ரெட் மெர்க்குரி' என்று ஒரு சிவப்புப் பாதரசம் இருக்கிறது, லட்சக்கணக்கில் போகும் என்று வாட்ஸ்அப்பில் படம் சுற்றியது. எங்கள் தெருவுக்கும் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். டிவிக்கு 50,000 ரூபாய் தருவதாகவும், உள்ளே 'சரக்கு' இருக்கிறதா என்று பரிசோதிக்க முதலில் 5,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். என் மனைவி, ''அம்பதாயிரத்துல அஞ்சாயிரத்தக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க'' என்றார். அவர்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள்.

அப்படி ஒரு பொருளே எந்த டிவியிலும் ரேடியோவிலும் கிடையாது. செல்போனில் தங்கம் இருப்பது உண்மை. ஆனால், ஒரு போனில் இருப்பது மில்லிகிராம் கணக்கு. வீட்டில் ஆசிட் ஊற்றி அதைப் பிரிக்கப் பார்த்தால் கிடைப்பது நுரையீரல் புண்தான்.

எரிக்க வேண்டாம், உடைக்க வேண்டாம்

பரணில் கிடப்பதை என்ன செய்யலாம்? நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பழைய டிவியின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உள்ளே காற்றில்லாத வெற்றிடம் என்பதால், உடைத்தால் கண்ணாடி சிதறி அடிக்கும். செம்புக்காக அதை உடைத்துவிட்டு மிச்சத்தை வாய்க்கால் ஓரம் கொட்டுவதைப் பல ஊரில் பார்க்கிறோம். முழுதாகவே கொடுத்துவிட வேண்டும்.

ஒயரை எரித்துச் செம்பு எடுப்பது அதைவிட மோசம். மேலே இருக்கும் பி.வி.சி. எரியும்போது டையாக்ஸின் என்ற நஞ்சு கிளம்புகிறது. அது புல்லில் படிந்து, மாட்டுக்குள் போய், பாலின் கொழுப்பில் சேர்கிறது. போகிக் கொட்டகையில் ஒயரையும் டயரையும் போடுகிறவர்கள் தங்கள் வீட்டுப் பாலை நினைத்துக்கொள்ளட்டும்.

இன்வெர்ட்டர், டிராக்டர் பேட்டரியில் ஈயமும் அமிலமும் இருக்கின்றன. அமிலத்தைக் கீழே ஊற்றிவிட்டு எடைக்குப் போடாதீர்கள். புது பேட்டரி விற்கும் கடைக்காரர் பழையதை அப்படியே எடுத்துக்கொண்டு பணம் கழித்துத் தருவார். சுருள் சி.எஃப்.எல். பல்பில் கொஞ்சம் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, கையால் தொடாமல் ஈரத்தாளில் ஒற்றி எடுக்க வேண்டும். உப்பிய செல்போன் பேட்டரியைக் குத்தவோ, சார்ஜ் போடவோ கூடாது. வைத்துக்கொள்ளப் போகும் ரேடியோ, டார்ச், ரிமோட் எதுவானாலும் செல்லைக் கழற்றிவிட்டு வையுங்கள். செல் ஒழுகித்தான் பாதிப் பொருள் சாகிறது.

2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய பொருளை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு அதைத் தயாரிக்கும் கம்பெனிகளுக்கு இருக்கிறது. புது டிவி, போன் வாங்கும் கடையில் 'பழசை எடுத்துக்கொள்வீர்களா' என்று தைரியமாகக் கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிலையங்களின் பட்டியல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. ஒரு வீட்டுப் பொருளுக்கு வண்டி வராது. நாங்கள் தெருவில் 14 வீட்டுப் பொருளைச் சேர்த்துச் சொன்ன பிறகுதான் வந்து எடுத்துப்போனார்கள். மகளிர் சுயஉதவிக் குழுவோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ முன்னின்றால் இது சுலபம்.

இரண்டு டிவி, இன்வெர்ட்டர், மிக்ஸி, சார்ஜர் பை எல்லாம் போனது. ரேடியோ கூடத்து அலமாரிக்கு வந்தது. டேப்ரிக்கார்டரை அம்மா தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பரணில் இப்போது பத்து மண்பானை, வாயில் நொச்சி இலை கட்டி, ரகப் பெயர் எழுதி வரிசையாக இருக்கின்றன.

அடுத்து வாங்கும் முன்

இது முடிந்த கதை இல்லை. செல்போனில் மோட்டார் போடும் ஸ்டார்ட்டர், மண் ஈரம் சொல்லும் கருவி, மருந்தடிக்கும் ட்ரோன் என்று இப்போது வயலுக்கே கருவிகள் வருகின்றன. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி வரப்பில் நடந்தவனுக்குத்தான் வீட்டிலிருந்தே மோட்டார் போடுவதன் அருமை தெரியும். ஆனால், காசை எடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, இதன் எதிர்முனை எது, அது எத்தனை நாள் இருக்கும்? உதாரணமாக, 2ஜி-யில் மட்டும் வேலை செய்யும் மோட்டார் ஸ்டார்ட்டரில், 4ஜி மட்டுமே தரும் கம்பெனியின் சிம் போட்டால் ஓடாது. 2ஜி சேவை நிற்கும் நாளில் அந்தப் பெட்டியும் நிற்கும். 4ஜி-யிலும் ஓடுமா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். கம்பெனியின் ஆப் இருந்தால்தான் ஓடும் என்றால், ஆப் இல்லாமல் கையால் போட வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு, கெட்டால் பக்கத்து டவுனில் சரிசெய்ய ஆள் உண்டா? பேட்டரியை நாமே கழற்றி மாற்ற முடியுமா? ரேடியோவுக்கு இந்த இரண்டும் இருந்தது.

மூன்று, வருடத்துக்கு எத்தனை மூட்டை? விலையைப் பார்க்காதீர்கள். எத்தனை வருடம் ஓடும் என்று விசாரித்து, வகுத்துப் பாருங்கள். ஐந்து மூட்டை ஆனாலும் பரவாயில்லை, பிள்ளை படிக்க வேண்டும் என்றால் வாங்குங்கள். தெரிந்து வாங்குவது வேறு, தெரியாமல் பரணில் ஏற்றுவது வேறு.

வாங்கியதும் பொருளின் பின்பக்கம் அழியாத மையில் தேதி, விலை, மூட்டை மூன்றையும் எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டுப் புது போனின் உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. '2024, 12,500 ரூபாய், 9 மூட்டை'. எழுதியது நானில்லை, மகள்.